வாட்ஸ்அப் அங்கே ஓடாது, வீசாட் இங்கே கிடையாது: நடுவில் பறிபோகும் பாக்கிப் பணம்

சீனாவிலிருந்து சரக்கு எடுப்பவர்கள் கவனத்துக்கு. முதலாளி குவாங்சோ கண்காட்சியிலோ யிவூ சந்தையிலோ இருக்க, ஊரில் கணக்குப்பிள்ளை டிடி (வங்கி வழியாக வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர்) அனுப்பும் கடைகள்தான், மெயிலுக்குள் புகுந்து பாக்கிப் பணத்தை வேறு கணக்குக்குத் திருப்பிவிடும் மோசடியில் அதிகம் மாட்டுகின்றன.

பணம் போகும் விதம் ஏறக்குறைய ஒன்றேதான். 20,000 டாலர் சரக்கு என்று வைத்துக்கொள்வோம். 30 சதவீத அட்வான்ஸ் 6,000 ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிடும். கப்பலில் ஏற்றும் சமயம் பாக்கி 14,000 கேட்டு மெயில் வரும். பழைய மெயில் தொடரிலேயே வரும். பிஐ (புரோஃபார்மா இன்வாய்ஸ்) நம்பர், கார்ட்டன் எண்ணிக்கை, பிஎல் (சரக்கை எடுக்கக் காட்டவேண்டிய கப்பல் ரசீது) நகல் எல்லாம் சரியாக இருக்கும். ஒரே ஒரு வரிதான் புதிது: எங்கள் கணக்கு ஆடிட்டில் இருக்கிறது, இந்த முறை மட்டும் கீழே உள்ள கணக்குக்கு அனுப்புங்கள்.

கணக்குப்பிள்ளை முதலாளியைக் கேட்கத்தான் பார்ப்பார். வாட்ஸ்அப் ஒற்றை டிக்கோடு நிற்கும். சீனாவில் ஜிமெயில் 2014 முதலும் வாட்ஸ்அப் 2017 முதலும் முடக்கம். ஹோட்டல் வைஃபையில் இரண்டும் வராது. சப்ளையரை வீசாட்டில் பிடிக்கலாம் என்றால், 2020 ஜூனில் இந்தியா தடை செய்த 59 செயலிகளில் அதுவும் ஒன்று. மிஞ்சுவது மெயில்தான். அதற்குள்தான் திருடன் உட்கார்ந்திருக்கிறான். சந்தேகம் கேட்டால் பதில் போடுவதும் அவனே.

இரு தரப்பில் யாரோ ஒருவருடைய மெயில் பாஸ்வேர்டு முன்பே கைமாறியிருக்கும். அவன் அவசரப்படாமல் எல்லாவற்றையும் படிப்பான். சப்ளையரின் நிஜ மெயில்கள் கண்ணில் படாமல் ஒதுங்கிப்போக ஒரு ஃபில்டர் போட்டுவிடுவான். பிறகு ஆங்கில ‘எம்’ இருக்கும் இடத்தில் ‘ஆர்’, ‘என்’ இரண்டையும் ஒட்டிவைத்த முகவரியிலிருந்து எழுதுவான். போனில் பெயர் மட்டுமே தெரிவதால் யாரும் பார்ப்பதில்லை. பெயரைத் தொட்டால் முழு முகவரி விரியும்; எழுத்தெழுத்தாகப் படியுங்கள். மெயில் செட்டிங்ஸில் ஃபில்டரையும் ஃபார்வேர்டிங்கையும் இன்றைக்கே திறந்து பாருங்கள்.

வங்கி விவரத்தில், வங்கியை அடையாளம் காட்டும் சுவிஃப்ட் கோடின் 5, 6-வது எழுத்துகள் நாட்டைச் சொல்லும். ‘சிஎன்’ என்றால் சீனா, ‘எச்கே’ என்றால் ஹாங்காங். ஹாங்காங் கணக்கு என்றாலே மோசடி என்று ஆகாது. நிஜமான ஃபேக்டரிகளே அங்கே கணக்கு வைத்திருக்கின்றன. அட்வான்ஸ் போன கணக்கிலிருந்து பெயரோ நாடோ மாறினால்தான் கையை நிறுத்த வேண்டும். உடனே சப்ளையரின் விசிட்டிங் கார்டில் உள்ள, சீனாவின் 86-ல் தொடங்கும் நம்பருக்குச் சாதாரண ஐஎஸ்டி கால் போடுங்கள். அந்த மெயிலின் அடியில் இருக்கும் நம்பருக்குப் போட்டால் அவனே எடுப்பான்.

பயணம் போகிறவர் இந்திய சிம்மில் இன்டர்நேஷனல் ரோமிங் பேக் போட்டுக்கொள்வது கட்டாயம். ரோமிங் டேட்டா நம் ஊர் நெட்வொர்க் வழியாக வெளியேறுவதால் ஜிமெயிலும் வாட்ஸ்அப்பும் திறக்கும். வங்கி ஓடிபியும் வரும். வைஃபையை அணைத்துவிட்டு லேப்டாப்புக்கும் அதிலிருந்தே ஹாட்ஸ்பாட் கொடுங்கள். அங்கே போய், முடக்கத்தைத் தாண்ட உதவும் விபிஎன் செயலி தேடுவது வீண்வேலை: கூகுள் பிளே திறக்காது, விபிஎன் கம்பெனிகளின் தளங்களும் முடக்கம். அனுமதியில்லாத விபிஎன் அங்கே சட்டவிரோதம் என்பதும் நினைவிருக்கட்டும். யாரோ அனுப்பும் ஏபிகே (செயலி) ஃபைலைப் போனில் ஏற்றுவது பாஸ்வேர்டைத் தட்டில் வைத்துக் கொடுப்பதுதான். ஓடிபி வராதபோது உள்ளே நுழைய உதவும் ஜிமெயிலின் 8 இலக்க பேக்கப் கோடுகளைக் கிளம்புமுன் தாளில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் அந்த மணி நேரத்திலேயே வங்கியின் ஃபாரெக்ஸ் பிரிவுக்கு ஓடி, பணத்தைத் திருப்பிக் கேட்கும் ரீகால் மெசேஜ் அனுப்பச் சொல்லுங்கள். சைபர் குற்றப் புகார் எண் 1930-க்கும் புகார் கொடுங்கள். எதிர் வங்கியில் பணத்தை எடுத்துவிட்டால் ரீகாலுக்குப் பலன் குறைவு.

தொல்லை அதோடு தீராது. பாக்கி வராத சப்ளையர் பிஎல்லை விடமாட்டார். கன்டெய்னர் சென்னைத் துறைமுகத்தில் நின்று டெமரேஜ் (தாமதக் கட்டணம்) ஏறும். வேறு வழியில்லாமல் 14,000-ஐ இன்னொரு முறை கட்டுவீர்கள். சரக்கின் பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்தில் தாக்கலாகும் இறக்குமதிப் பத்திரம்) அந்த இரண்டாவது பணத்துக்குக் கணக்காகிவிடும். திருடனுக்குப் போன முதல் 14,000, ரிசர்வ் வங்கியின் ஐடிபிஎம்எஸ்ஸில் (இறக்குமதிப் பணத்தைக் கண்காணிக்கும் கணினி முறை) சரக்கு வராத இறக்குமதியாகத் திறந்தே கிடக்கும். ஆதாரம் எங்கே என்று வங்கி உங்களைத்தான் கேட்கும். போலீஸ் புகார் நகல், ரீகால் கடிதம், நிஜ மெயில், போலி மெயில் இரண்டின் முழு ஹெடர் (எங்கிருந்து வந்தது என்று காட்டும் பகுதி) எல்லாவற்றையும் அப்போதே ஃபைல் போட்டு வையுங்கள்.