கஞ்சா உரிமம் யாருக்கு? ஒதுக்கீடு, புள்ளி, குலுக்கல், முன்னுரிமை: அமெரிக்க மாநிலங்கள் போட்ட கணக்கு

கஞ்சா வைத்திருந்ததற்காகக் கைதாகும் வாய்ப்பு வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவருக்கு 3.64 மடங்கு அதிகம் என்று 2018ஆம் ஆண்டுக் கணக்கை வைத்து அமெரிக்காவின் குடியியல் உரிமை அமைப்பான ஏசிஎல்யூ சொன்னது. புகைக்கும் பழக்கமோ இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அதே செடி இன்று பல மாநிலங்களில் சட்டப்படியான வியாபாரம். பலர் சிறைக்குப் போன பகுதிகளுக்கு அதில் பங்கு கொடுக்க மாநிலங்கள் பலவும் ஆளுக்கொரு வழி பிடித்தன. எந்த வழியில் பணக்காரன் நுழைய அதிக இடம் இருந்தது என்று பார்த்தால் வேறுபாடு புரிந்துவிடும்.

நேரடி இன ஒதுக்கீட்டைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஒஹாயோ தனது 2016 மருத்துவக் கஞ்சாச் சட்டத்தில் 15 சதவீத உரிமங்களைக் கறுப்பினத்தவர், பூர்வகுடிகள், ஹிஸ்பானியர், ஆசியர் ஆகியோருக்கு ஒதுக்கியது. அதிக மதிப்பெண் எடுத்தும் உரிமம் கிடைக்காத நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2018இல் நீதிமன்றம் ஒதுக்கீட்டை ரத்து செய்தது. இன அடிப்படையில் ஒதுக்க வேண்டுமானால், அந்தத் துறையிலேயே பாகுபாடு நடந்ததற்கு அரசு குறிப்பான ஆதாரம் காட்ட வேண்டும் என்பது 1989இல் க்ரோசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நிபந்தனை. நேற்று பிறந்த தொழிலில் அந்த ஆதாரத்துக்கு எங்கே போவது? அதனால் மற்ற மாநிலங்கள் பெரும்பாலும் இனத்தின் பெயரைச் சொல்லாமல் முகவரி, பழைய தண்டனை, வருமானம் ஆகியவற்றை அளவுகோலாக்கின.

புளோரிடா மட்டும் குறுக்குவழி ஒன்று கண்டது. அமெரிக்க அரசின் விவசாயத் துறை காட்டிய பாகுபாட்டை எதிர்த்த பிக்ஃபோர்ட் வழக்கில் சேர்ந்திருந்த கறுப்பின விவசாயி ஒருவருக்கு என்று ஓர் உரிமத்தை ஒதுக்கியது. ஆனால் அதற்கு வைத்த விண்ணப்பக் கட்டணம் 1,46,000 டாலர், திரும்பக் கிடைக்காது. முன்பு மற்றவர்கள் கட்டியது சுமார் 60,000. சலுகைக்கு இரண்டு மடங்கு விலை!

புள்ளிமுறை: இல்லினாய்

2020 ஜனவரி 1 அன்று இல்லினாயில் விற்பனை தொடங்கியது. முதல் நாளே கடை திறந்தவை ஏற்கெனவே மருத்துவக் கஞ்சா விற்றுவந்த நிறுவனங்கள். புதியவர்களுக்கு 75 கடை உரிமங்கள். மொத்தம் 250 புள்ளிகள், அதில் 50 சமூக நீதித் தகுதிக்கு (கஞ்சாக் கைதுகளால் பாதிக்கப்பட்ட பகுதியினர், பழைய கஞ்சா வழக்கு உள்ளவர் போன்றோருக்கு), 5 முன்னாள் படைவீரர் உரிமையாளராக இருந்தால்.

காகிதத்தில் நன்றாகத்தான் இருந்தது. 900க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்ததில் 21 குழுக்கள் மட்டுமே முழுப் புள்ளி பெற்றுக் குலுக்கலுக்குத் தகுதியாயின. எல்லோரும் பாதுகாப்புத் திட்டம், தொழில் திட்டம், பணியாளர் பயிற்சித் திட்டம் என்று ஆலோசகர்களைக் கொண்டு எழுதியிருந்தார்கள். எல்லா விடைத்தாளும் ஒன்றுபோல இருந்தால் கடைசி ஐந்து புள்ளிதான் தீர்ப்புச் சொல்லும். இங்கே அது படைவீரருக்கான ஐந்து. இன்னொரு ஓட்டையும் இருந்தது. குறைந்தது பத்துப் பேரை முழுநேர வேலைக்கு வைத்து, அவர்களில் 51 சதவீதம் பாதிக்கப்பட்ட பகுதியினராக இருந்தால், முதலாளி யாராக இருந்தாலும் சமூக நீதித் தகுதி கிடைக்கும்.

வழக்குகள் குவிந்தன. 2021இல் சட்டத்தைத் திருத்தி, மூன்று குலுக்கல்களில் 185 உரிமங்கள் என்று விரித்தார்கள். நீதிமன்றத் தடை நீங்கி உரிமங்கள் கைக்கு வந்தது 2022 ஜூலையில். பழைய நிறுவனங்களுக்கு இரண்டரை ஆண்டுக்கு மேல் போட்டியே இல்லாத சந்தை கிடைத்துவிட்டது.

முன்னுரிமை: நியூயார்க்கும் மாசசூசெட்ஸும்

நியூயார்க் வரிசையைத் தலைகீழாக்கியது; எங்களுக்குப் பிடித்த துணிச்சல் இது. பெரிய நிறுவனங்கள் காத்திருக்கட்டும், கஞ்சா வழக்கில் தண்டிக்கப்பட்டவரோ அவர் குடும்பத்தாரோ முதலில் கடை திறக்கட்டும் என்றது. நிபந்தனைகள்: லாபம் ஈட்டிய தொழில் ஒன்றில் குறைந்தது 10 சதவீதப் பங்கு, இரண்டு ஆண்டு லாபக் கணக்கு, 2,000 டாலர் கட்டணம். 2022 நவம்பரில் முதல் 36 உரிமங்கள் வந்தன.

சறுக்கியது சட்ட வரைவில். 2021 சட்டம் சிறுபான்மையினர், பெண்கள், நலிந்த விவசாயிகள், ஊனமுற்ற படைவீரர்கள் என்று பல பிரிவினரைச் சேர்த்துத்தான் 50 சதவீத இலக்கு சொன்னது. அவர்களில் ஒரு பகுதியை மட்டும் முன்னால் நிறுத்தியது ஒழுங்குமுறை அலுவலகம். படைவீரர்கள் வழக்குப் போட, 2023 ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை எல்லாம் நின்றது. அதற்கு முன்பே, நியூயார்க்கில் பெற்ற தண்டனைதான் செல்லும் என்ற நிபந்தனையை வெளிமாநிலத்தார் நிறுவனம் ஒன்று எதிர்த்து ஐந்து பகுதிகளில் தடை வாங்கியிருந்தது. உரிமம் வாங்கியவர் காலியான கடைக்கு வாடகை கட்டிக்கொண்டிருக்க, உரிமமே இல்லாத கடைகள் தெருவுக்குத் தெரு முளைத்தன. 20 கோடி டாலர் நிதி வரும், கட்டிய கடையே கையில் கிடைக்கும் என்று சொல்லியிருந்தார்கள். அந்த நிதியால் திறந்தவை மிகச் சில.

மாசசூசெட்ஸில் முன்னுரிமை மாநில வரிசையில் இருந்தது, ஊராட்சி வாசலில் இல்லை. மாநிலத்துக்கு விண்ணப்பிக்குமுன் ஊருடன் ஒப்பந்தம் போட வேண்டும். ஊர்கள் அதில் பணம் கறந்தன. ஃபால் ரிவர் நகர மேயர் கஞ்சா விண்ணப்பதாரர்களை மிரட்டிப் பணம் பறித்ததற்காக 2021இல் தண்டிக்கப்பட்டார். அடுத்த ஆண்டு வந்த திருத்தம்தான் அந்த ஒப்பந்தங்களை மாநிலத்தின் கண்காணிப்பில் கொண்டுவந்து, கலால் வருவாயில் 15 சதவீதத்தைச் சமூக நீதி நிதிக்குத் திருப்பியது. முதல் நாளே செய்திருக்க வேண்டியது.

குலுக்கல்: மிசூரி

குலுக்கலின் நல்ல குணம், ஆலோசகருக்கு வேலை இல்லை. கெட்ட குணம், ஆயிரம் சீட்டு போடுபவன் ஜெயிப்பான். மிசூரி 2023இல் 48 சிறு உரிமங்களைக் குலுக்கியது. சொத்து மதிப்பு 2,50,000 டாலருக்குக் குறைவு போன்ற நிபந்தனைகள். 1,500 டாலர் கட்டணம், தோற்றால் திரும்பக் கிடைக்கும். ஆனால் உரிமையாளரின் தகுதியைச் சரிபார்த்தது குலுக்கலுக்குப் பிறகு. முதலீட்டாளர்கள் விளம்பரம் போட்டு ஆள் பிடித்தார்கள். நம் ஊர்ச் சொல்லில் பினாமி. வென்ற உரிமங்களில் பல பின்னர் ரத்தாயின.

இத்தனைக்கும் குலுக்கலைத்தான் நாங்கள் மேலே வைப்போம், மூன்று திருத்தங்களோடு: தகுதிச் சரிபார்ப்பு குலுக்கலுக்கு முன், ஓர் ஆளுக்கு ஒரு சீட்டு, கடைக்கான இடத்தை வென்ற பிறகு காட்டினால் போதும். இடத்தை முன்கூட்டியே கேட்ட லாஸ் ஏஞ்சலஸில் விண்ணப்பதாரர்கள் முடிவு தெரியாமல் மாதக்கணக்கில் வாடகை கட்டிக் கடனாளியானார்கள். ஓக்லண்ட் 2017இல் வேறு மாதிரி யோசித்தது: சமூக நீதி விண்ணப்பதாரருக்கு 1,000 சதுர அடியை மூன்று ஆண்டு இலவசமாகக் கொடுக்கும் நிறுவனத்துக்கு வரிசையில் முன்னிடம். இடப் பிரச்சினை தீரும். இடம் கொடுத்தவர் கைவிட்டால் தொழிலும் போகும்.

பினாமியைப் பிடிக்க 51 சதவீதம் என்று எழுதிய பங்குப் பத்திரத்தைப் பார்த்துப் பயனில்லை. பக்க ஒப்பந்தங்களைக் கேட்டு வாங்க வேண்டும். நிர்வாகக் கட்டணமாக விற்பனையில் எத்தனை சதவீதம் போகிறது, கடன் எப்போது பங்காக மாறும், குறித்த விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமை யாரிடம், வங்கிக் கணக்கில் கையெழுத்துப் போடுவது யார், மேலாளரை நீக்க உரிமையாளரால் முடியுமா. வங்கிகள் கூட்டரசுச் சட்டத்துக்குப் பயந்து கடன் தராத தொழில் இது. காசு கொண்டுவருபவர் இந்த ஐந்தில் ஒன்றிலாவது தன் பெயரை எழுதியிருப்பார்.