முனைவர் பட்டம்: முழுநேரமா, பகுதிநேரமா?

எம்.ஏ. அரசியல் அறிவியல் முடித்த வியாசர்பாடித் தம்பி ஒருவன், முனைவர் பட்டத்தை முழுநேரமாகச் செய்வதா, பகுதிநேரமாகவா என்று கேட்டான். ஜே.ஆர்.எஃப். (ஆய்வு மாணவருக்கான அரசு உதவித்தொகை) கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம், முழுநேரம்தான். முதல் 2 ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. பெரம்பூர் பி அண்ட் சி துணி மில்லின் 1921 வேலைநிறுத்தத்தைப் பற்றி ஆராய்கிறாய் என்று வை. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பகல் முழுக்க உட்கார்ந்து பழுப்பேறிய கோப்புகளைப் புரட்டலாம். பகுதிநேரத்தில் அது நடக்குமா? காப்பகம் மூடிய பிறகுதானே நமக்கு வேலை முடிகிறது! பகுதிநேரமாகச் செய்யும் என் நோட்டில் மூன்று மாதமாக ஒரே பக்கம்தான். பகுதிநேரத்துக்கு அலுவலகத்தின் தடையில்லாச் சான்றிதழும் வேண்டும். ஆனால் சம்பளம் நிற்காது. வீட்டில் கடன் இருந்தால் இதுதான் வழி.

வேலை? உதவிப் பேராசிரியராக 2023 முதல் நெட் அல்லது செட் தகுதித் தேர்வில் தேறினால் போதும், முனைவர் பட்டம் கட்டாயமில்லை. இணைப் பேராசிரியராக முனைவர் பட்டம் கட்டாயம். அங்கே முழுநேரம், பகுதிநேரம் என்று பிரிப்பதில்லை.