துணியைத் தொட்டுப் பார்க்காத கிளியரிங் ஆபீஸுக்கு எத்தனை மார்க்?

சென்னையில் தம்புச்செட்டித் தெரு, லிங்கிச்செட்டித் தெரு, மூர் தெரு. ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸிலிருந்து நடந்து போகும் தூரத்தில் மாடிக்கு மாடி, இறக்குமதிச் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துத் தரும் கிளியரிங் ஆபீஸ். பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிச் சுங்கப் படிவம்) போடுவதிலும் சி.எஃப்.எஸ். என்ற கன்டெய்னர் கிடங்கிலிருந்து வண்டி எடுப்பதிலும் பெரும்பாலோர் கெட்டிக்காரர்கள். அதற்கு மார்க் போட இது எழுதப்படவில்லை. இறக்குமதி பாலியஸ்டர், நைலான் நெசவுத் துணிக்கு எச்எஸ் கோடு (சுங்க வரியைத் தீர்மானிக்கும் சரக்கு எண்) போட்டுத் தரும் வேலையை மட்டும் எடுத்துக்கொண்டால், ஒரே தெருவில் ஐந்துக்கு நாலரையும் உண்டு, ஒன்றும் உண்டு. துணியைக் கையில் வாங்கிப் பார்க்கிறார்களா, இன்வாய்ஸை மட்டும் பார்க்கிறார்களா என்பதில்தான் வித்தியாசம்.

இன்வாய்ஸில் "100% பாலியஸ்டர் ஃபேப்ரிக்" என்று மட்டும் இருக்கும். அந்தப் பெயரில் வருகிற சரக்கு 5407, 5512, 5801, 5903, 6006 எதுவாகவும் இருக்கலாம். முதல் இரண்டு இலக்கம் அத்தியாயம், நான்கும் சேர்ந்தால் தலைப்பு.

நல்ல ஆபீஸ் முதலில் செய்வது, வெட்டிய ஓரத்தில் பாவு (நீளவாட்டு) நூல் ஒன்று, ஊடை (குறுக்கு) நூல் ஒன்று உருவிப் பிரிப்பது. முறுக்கை அவிழ்த்தால் இழை அறாமல் நீளமாக வந்தால் ஃபிலமென்ட், 54-ஆம் அத்தியாயம். குட்டை குட்டையாக உதிர்ந்தால் ஸ்பன், 55. உருவவே வராமல் கண்ணி கண்ணியாகக் கழன்றால் அது நெசவே இல்லை, நிட்டட் (பின்னல் துணி), 60-ஆம் அத்தியாயத்துக்குப் போய்விடும். 2025 பட்ஜெட்டில் அங்கே ஒன்பது கோடுகளுக்கு வரி 20 சதவீதம் அல்லது கிலோவுக்கு 115 ரூபாய், எது அதிகமோ அது என்று ஆகிவிட்டது. நிட்டட்டை 5407 என்று போட்டு மாட்டினால் "தெரியாமல் நடந்துவிட்டது" என்பது எடுபடாது.

அடுத்த கேள்வி, இழை சுருளா நேரா. பாலியஸ்டரில் டெக்ஸ்சர் செய்த சுருள் இழை எடையில் 85 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 5407 51 முதல் 54 வரை: வெளுக்காதது அல்லது வெளுத்தது, சாயம் போட்டது, பல நிற நூலில் நெய்தது, பிரின்ட் என்று அதே வரிசையில். நேர் இழை அந்த அளவு இருந்தால் 5407 61. பாவு நேர் இழை, ஊடை சுருள் இழை என்று நெய்த துணி சந்தையில் ஏராளம். அதில் எதுவும் தனியாக 85-ஐத் தொடாது. சேர்த்தால் பாலியஸ்டர் நூறு. அது 5407 69. இந்த ஒன்றைக் கேட்டுப் பாருங்கள், ஆபீஸின் தரம் தெரிந்துவிடும். நிறத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு: கரையில் மட்டும் வேறு நிற நூல் ஓடினால் அது பல நிறத் துணி ஆகாது.

இழைகள் கலந்த பிளெண்டில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். ஸ்பன் பாலியஸ்டர் 65, காட்டன் 35 சட்டைத் துணி சதுர மீட்டருக்கு 170 கிராம் வரை 5513, தாண்டினால் 5514. ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) பார்க்கும் கட்டர் 100 சதுர சென்டிமீட்டர் வட்டம் வெட்டும். கிராம் எடையை நூறால் பெருக்கினால் முடிந்தது. 1.68-ம் 1.72-ம் வேறு வேறு தலைப்பு என்பதால், கரையை விட்டுத் தள்ளி ஐந்து இடத்தில் வெட்டிச் சராசரி பார்க்க வேண்டும். கொளுத்திப் பார்ப்பது என்ன இழை என்று காட்டும், எத்தனை சதவீதம் என்று காட்டாது. அதற்கு லேப்: 75 சதவீத சல்பியூரிக் ஆசிட்டில் காட்டன் கரைந்துவிடும், மிஞ்சிய பாலியஸ்டரை எடை போடுவார்கள்.

காட்டன் 40, பாலியஸ்டர் ஃபிலமென்ட் 30, ஸ்பன் 30 என்றால்? "காட்டன்தான் அதிகம், காட்டன் அத்தியாயமான 52" என்று சொல்லும் ஆபீஸ்கள் உண்டு. தவறு. வேறு அத்தியாயத்தோடு ஒப்பிடும்போது 54-ம் 55-ம் ஒன்றாகக் கூட்டப்படும். 60 சதவீதம் செயற்கை. பிறகு இரண்டும் சமம் என்பதால் எண் வரிசையில் பின்னால் வரும் 55.

பை, குடைத் துணிகளில் கோட்டிங். பிளாஸ்டிக் பூச்சு வெறும் கண்ணுக்குத் தெரிந்தால் 5903, பாலியூரித்தேன் என்றால் 5903 20. பூச்சால் நிறம் மட்டும் மாறியிருப்பது கணக்கில் சேராது. கண்ணுக்குத் தெரியாத தண்ணீர் ஒட்டாத ஃபினிஷ் துணியை 5407-ஐ விட்டு நகர்த்தாது. லென்ஸ் வைத்துத் தேடி 5903 போடும் அதிபுத்திசாலிகளும் இருக்கிறார்கள்.

அளவையும் ஆபீஸ் சரிபார்க்க வேண்டும், ஏனென்றால் சில கோடுகளில் சதவீதத்தோடு அளவுக்கு இத்தனை ரூபாய் என்ற மாற்றுக் கணக்கும் உண்டு. 58 இன்ச் அகலத்தில் 1000 யார்டு என்பது 1347 சதுர மீட்டர். 120 ஜிஎஸ்எம் துணி என்றால் சுமார் 162 கிலோ. பேக்கிங் லிஸ்ட் 210 என்றால் ஏதோ ஒன்று பொய்.

இந்தச் சேவையின் பெரிய குறை, சுங்கத்திடமிருந்து கேள்வி வந்த பிறகு தெரியும். 2020 முதல் ஃபேஸ்லெஸ் அசெஸ்மென்ட் (முகம் பாராத வரி மதிப்பீடு). பில்லைப் பார்க்கும் அதிகாரி வேறு ஊரில் இருக்கலாம். வழவழ பதில் போனால் மாதிரி எடுக்க உத்தரவு, லேப் ரிப்போர்ட் வரும்வரை மணலியிலோ திருவொற்றியூரிலோ கன்டெய்னருக்கு வாடகை. அந்த அவசரத்தில் பல ஆபீஸ்கள் அதிகாரி சொன்ன கோடுக்கு எழுத்தில் சம்மதம் கொடுத்துவிடுகின்றன. கொடுத்தால் சுங்கச் சட்டத்தின் 17(5) பிரிவில் 15 நாளுக்குள் தர வேண்டிய விளக்க ஆணையைக் கேட்க முடியாது. உடன்பாடு இல்லையென்றால் ஆணையை வாங்கி 60 நாளுக்குள் அப்பீல் போகலாம். சரக்கு அவசரம் என்றால் 18-ஆம் பிரிவில் பாண்ட் (உறுதிப் பத்திரம்) கொடுத்து தற்காலிக அசெஸ்மென்ட் கேட்கலாம். இதைத் தானாகச் சொல்கிற ஆபீஸுக்கு அரை மார்க் கூடுதல்.

ஒரே துணி மாதாமாதம் வருகிறவர்கள் ஆபீஸை நம்பி இருக்க வேண்டியதில்லை. கோடு என்ன என்று முன்கூட்டியே சுங்கத்திடம் தீர்ப்பு வாங்கும் அட்வான்ஸ் ரூலிங்குக்குக் கட்டணம் 10,000 ரூபாய், தீர்ப்பு மூன்று மாதத்துக்குள், சட்டமோ சரக்கோ மாறாத வரை சில ஆண்டு செல்லும்.

துணி வியாபாரம் நடக்கும் கோடவுன் தெருவிலிருந்தோ எம்.சி. ரோட்டிலிருந்தோ போகிறவர்கள் ஆர்டர் கொடுக்கும் முன்பே மாதிரியோடு போங்கள். உள்ளங்கை அளவுத் துண்டு போதாது; முழு அகலத்தில் ஒரு மீட்டர், இரண்டு கரையும் இருக்க, சப்ளையரின் நூல் விவரத் தாளோடு.