பிசிறு பிடிபட்ட பிறகுதான் கூர் வந்தது

ஏழு ஆண்டுகளாக மலையேற்றத்துக்கும் காட்டு முகாம்களுக்கும் இரண்டு கத்திகளை எடுத்துச் செல்கிறேன். ஒன்று 1095 கார்பன் எஃகு, மற்றொன்று டி2 என்ற எஃகு வகை. தீட்டுவதற்கென்று வாங்கிய சாமான்களோ கத்திகளைவிட அதிகம். இன்று பையில் மிஞ்சியிருப்பவை வைரத் துகள் பதித்த, உள்ளங்கை அளவு வைரத்தகடு ஒன்றும் பழைய இடுப்பு வாரின் ஒரு துண்டும்தான்.

முதலில் வாங்கியது, பள்ளத்தில் கத்தியைச் செருகி இழுக்கும் சின்னக் கருவி. நான்கு இழுப்பில் காகிதம் வெட்டும், அதில் மயங்கிவிட்டேன். உள்ளே இருக்கும் கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளின் துண்டுகள் எஃகைச் சுரண்டித்தான் கூராக்குகின்றன. ஓராண்டில் கத்தியின் வாய் ரம்பப் பல்லாகிவிட்டது. அடுத்து மோட்டார் சாணை. ஒரு நிமிடக் கவனக்குறைவில் முனையில் நீலம் ஏறியது. நீலம் தெரிந்தால் சூடு 300 டிகிரி செல்சியஸ் அளவுக்குப் போய்விட்டது என்று பொருள். 1095 எஃகின் பதம், அதாவது கடினம், அதற்கு முன்பே இறங்கத் தொடங்கிவிடும். அந்த நுனியை முழுவதும் தேய்த்து எடுக்க வேண்டியதாயிற்று.

நீரில் ஊறவைக்கும் 1000 கிரிட் (துகளின் நுண்மை அளவு) கல் இன்றும் வீட்டில் இருக்கிறது. கார்பன் எஃகுக்கு அது தரும் வழவழப்பு எனக்குப் பிடிக்கும். ஆனால் நடுவில் குழிந்துகொண்டே போகும், அவ்வப்போது சமப்படுத்த வேண்டும், முகாமுக்கு அது சுமை. டி2 எஃகில் இருக்கும் கடினமான குரோமியம் கார்பைடுகளுக்கு அந்தக் கல்லில் அரை மணி நேரம் போனது. வைரத்தகட்டில் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. புதுத் தகட்டில் அழுத்தித் தேய்க்காதீர்கள். வைரத் துகள்கள் பெயர்ந்துவிடும். கத்தியின் எடையே போதும்.

எந்தக் கருவியை வாங்கியும் மூன்று ஆண்டுகள் எனக்குச் சரியான கூர் வரவில்லை. பிசிறைக் கவனிக்காததுதான் காரணம். ஒரு பக்கத்தைத் தேய்க்கும்போது மறுபக்க ஓரத்தில் மெல்லிய பிசிறு எழும். கட்டைவிரலை முதுகிலிருந்து வாய்ப் பக்கமாக, அதன் குறுக்கே தடவினால் நகத்தில் இலேசாகத் தட்டும். அடியிலிருந்து நுனிவரை அது எழுந்த பிறகே பக்கம் மாற்ற வேண்டும். நான் இருபது இழுப்பு, இருபது இழுப்பு என்று எண்ணிக்கொண்டிருந்தேன்! கோணத்துக்கு, கத்தியைச் செங்குத்தாக நிறுத்தி, பாதி சாய்த்து, மீண்டும் பாதி சாய்ப்பேன். சுமார் 22 டிகிரி கிடைக்கும். சந்தேகம் வந்தால் வாயோரம் மார்க்கர் பேனா மை பூசி இரண்டு இழுப்பு. மை எங்கே அழிகிறதோ அங்கேதான் கல் படுகிறது.

கடைசியாகத் தோல் வார், பச்சைக் குரோமியம் ஆக்சைடு பசையுடன். முதுகு முன்னால் போக, பக்கத்துக்குப் பத்து முறை. இழுப்பு முடியும் இடத்தில் மணிக்கட்டைத் தூக்கினால் வாய் உருண்டுவிடும். அந்தப் பழக்கம் மட்டும் இன்னும் முழுதாக என்னை விட்டுப் போகவில்லை.