உயிர்மீன் தொட்டிப் பம்பைச் சரிசெய்து கொடுத்த காரைக்குடிப் பட்டறை

காரைக்குடி செக்காலை சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் இருக்கும் மோட்டார் ரீவைண்டிங் பட்டறையில், எங்கள் ஃபைபர் படகின் உயிர்மீன் தொட்டிக்கான பம்பைச் சரிசெய்து வாங்கினோம். வேலை சுத்தம் என்று ஒரு வரியில் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. பழுதை அவர்கள் தேடிய முறைதான் பாராட்டுக்குரியது என்பதால், அதை விரிவாகவே எழுதுகிறேன்.

தேவகோட்டைப் பக்கத்தில் ஒரு கண்மாயில் மீன்பாசிக் குத்தகை எடுத்திருக்கிறோம். மீன் உயிரோடு கரை சேர்ந்தால்தான் சந்தையில் நல்ல விலை கிடைக்கும். விராலைப் பற்றிக் கவலையில்லை. அது மேலே வந்து காற்றையே சுவாசிக்கும் மீன் என்பதால் ஈரச் சாக்கிலேகூட நெடுநேரம் தாங்கும். கட்லாவும் ரோகுவும் அப்படியல்ல. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். தொட்டியில் நெருக்கமாகக் கிடக்கும் மீன்கள் அதை விரைவில் தீர்த்துவிடும். சித்திரை வெயிலில் பம்பு சற்று நேரம் நின்றால் போதும், மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடத் தொடங்கிவிடும்.

எங்கள் பம்பு 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் நீர்மூழ்கி வகை. ஒரு நாள் ஒழுங்காக ஓடும். மறுநாள் இரைச்சல் மட்டும் கேட்கும், தண்ணீர் ஏறாது. சில வேளை சத்தமே இராது, ஒயரைத் தொட்டு ஆட்டினால் உயிர் வரும். விற்ற கடையில் கேட்டபோது, பம்பைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்காமல், புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

காரைக்குடிப் பட்டறைக்காரர் முதலில் கேட்டது பம்பையல்ல, பேட்டரியையும் ஒயரையும். எல்லாவற்றையும் படகில் இருந்தபடியே இணைத்து, ஒரு வாளித் தண்ணீரில் பம்பை ஓடவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும்போதே மல்டிமீட்டரை வைத்தார். பேட்டரி முனையில் 12.4 வோல்ட் காட்டியது. பம்பின் முனையில் 9.6 தான் இருந்தது. பம்பை நிறுத்திவிட்டு அளந்தால் இரண்டு இடத்திலும் ஒரே அளவு. "பம்பு மேல குத்தமில்லண்ணே, கரண்டு முழுசா வந்து சேரல" என்றார். மின்னோட்டம் பாயும்போது மட்டுமே இந்த இழப்பு தெரியும் என்பதால், பம்பை ஓட்டாமல் அளப்பவர்கள் இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. பிறகு மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒவ்வொரு இணைப்பின் இரு பக்கமும் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். படகோடு வந்த ஒயரிங்கில், இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒரே ஒரு முறுக்கில் மட்டும் இரண்டு வோல்ட்டுக்கு மேல் தொலைந்துகொண்டிருந்தது. டேப்பைப் பிரித்தபோது உள்ளே செம்பு பச்சையும் கறுப்புமாகப் பூத்து, நகத்தால் தொட்டாலே இழைகள் உதிர்ந்தன.

வோல்ட்டேஜ் குறைந்தால் தண்ணீர் சற்று மெதுவாகத்தானே வரும், ஏன் அடியோடு நிற்கிறது என்று கேட்டேன். அவர் சொன்ன விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. இந்த வகைப் பம்பில் நீரின் அளவு சுழலும் வேகத்துக்கு ஏற்பக் குறையும். ஆனால் நீர் ஏறும் உயரமோ அந்த வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். வேகம் முக்காலானால் உயரம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். தொட்டியின் விளிம்பு அதற்கு மேல் இருந்தால் ஒரு சொட்டும் விழாது. பம்பின் மேல் அச்சிட்டிருக்கும் 500 கேலன், அதாவது மணிக்கு ஏறத்தாழ 1,900 லிட்டர் என்ற கணக்கு, சற்றும் மேலேற்றாமல் ஓடும்போது கிடைப்பது என்பதையும் வாங்குவோர் நினைவில் கொள்ள வேண்டும்.

அதோடு அவர் நிற்கவில்லை. அடிக்கூட்டைத் திருகிக் கழற்றினார். சல்லடையில் கருவேல இலைகள் அப்பிக் கிடந்தன. நம் கண்மாய்களுக்குள்ளேயே கருவேல மரங்கள் நிற்பதால் இது எல்லோருக்கும் உள்ள தொல்லை. நீரைத் தள்ளும் சுழல் இறக்கையான இம்பெல்லருக்குப் பின்னால், தண்டைச் சுற்றி இறுகியிருந்த தூண்டில் நரம்பை வளைந்த கம்பியால் நெம்பி எடுத்தார். நரம்பு இப்படிச் சுற்றிக்கொண்டால் தண்டின் சீல் தேய்ந்து மோட்டாருக்குள் நீர் புகும் என்றும், எங்களுடையதில் இன்னும் சீல் கெடவில்லை என்றும் காட்டினார்.

இரைச்சல் கேட்டும் தண்ணீர் வராததற்கு வேறொரு காரணமும் இருந்தது. பம்பு படகின் பின்பலகையில் சற்று மேலே பொருத்தப்பட்டிருந்தது. இரண்டு ஆட்கள் முன்பக்கம் போனால் பின்பக்கம் தூக்கி, பம்பு காற்றை இழுத்துவிடும். குழாய் நடுவில் தொய்ந்து மறுபடி ஏறியதால் அந்தக் காற்று வெளியேறாமல் மாட்டிக்கொண்டது. பம்பைத் தாழ இறக்கவும், குழாயைத் தொய்வில்லாமல் ஒரே ஏற்றமாகக் கொண்டுபோகவும் சொன்னார். அவ்வாறே செய்தோம், இரைச்சல் மட்டும் கேட்கும் அந்தக் கோளாறு அதன்பின் வரவில்லை.

புதிய ஒயர், சூடாக்கினால் சுருங்கி ஒட்டிக்கொள்ளும் பசைக் குழாய் போட்ட இணைப்புகள், 3 ஆம்பியர் ஃபியூஸ், கூலி எல்லாம் சேர்த்து ஒரு புதுப் பம்பின் விலையில் பாதிகூட ஆகவில்லை. பழைய ஒயரிங்கில் இருந்த பெரிய ஃபியூஸை அவர் என் கையில் கொடுத்து, இம்பெல்லர் சிக்கிக்கொண்டால் இது உருகுமுன் மோட்டாரே எரிந்துபோகும் என்றார்.

குறைகளும் உண்டு. கோடைக்காலத்தில் ஆழ்துளைக் கிணற்று மோட்டார்கள் குவிந்துவிடுவதால் சிறு வேலைகள் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன. கேட்டால்தான் பில் எழுதித் தருகிறார்கள். வெள்ளீயம் பூசிய செம்பு ஒயரை அவர்கள் இருப்பில் வைப்பதில்லை. கண்மாய்க்குச் சாதாரண ஒயர் போதும், ஆனால் தொண்டிப் பக்கம் கடலுக்குப் போகும் படகுக்கு அந்த ஒயரை நீங்களே வாங்கிவர வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மாலை வரை கடை மூடியிருக்கும் என்பதால், காலையிலேயே போவது நல்லது. போகும்போது பம்பை மட்டும் கழற்றிக்கொண்டு போகாமல், பேட்டரி, ஒயர், ஃபியூஸ், சுவிட்ச், குழாய் அத்தனையையும் இணைப்பு கலையாமல் எடுத்துச் செல்லுங்கள்.