அப்பாவுக்குன்னு வாங்கின 750 வாட்ஸ் மிக்ஸி, 19 நாள் ஓட்டிப் பாத்துட்டு எழுதுறேன்

வீட்டுல ஒருத்தருக்கு உணவுக்குழாய்ல கேன்சர்னு இப்பத்தான் சொல்லியிருக்காங்க, ட்ரீட்மெண்ட் ஆரம்பிக்க இன்னும் நாள் கெடக்கு, அதுவரைக்கும் என்னத்த ஆக்கிக் குடுக்கிறதுன்னு தெரியாம அடுப்படியில நிக்கிறீங்கன்னா இத முழுசா படிங்க. கம்பெனி பேர் போடல, ஏன்னா குறையும் சொல்லப் போறேன், அதோட 750 வாட்ஸ் மூணு ஜார் மிக்ஸி எந்த கம்பெனில எடுத்தாலும் கிட்டத்தட்ட இதே வேலையத்தான் செய்யும். 4 ஆயிரத்துக்கு கொஞ்சம் கம்மியா ஆன்லைன்ல வாங்கினேன்.

அப்பாவுக்கு 63 வயசு, பஸ் டிரைவரா இருந்து ரிட்டயர் ஆனவரு, நாங்க திண்டுக்கல். அஞ்சு மாசம் முன்னாடி வத்தலக்குண்டுல ஒரு கல்யாணத்துல பிரியாணி சாப்பிடுறப்ப நெஞ்சுல நிக்குதுன்னு பாதியில எந்திரிச்சிட்டாரு, அவ்ளோதான் ஆரம்பம். அப்புறம் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்கு தண்ணி, அப்புறம் இட்லி கூட சாம்பார்ல ஊறப் போட்டாத்தான். முதல்ல காட்டுன எடத்துல கேஸ் மாத்திரை குடுத்தே ரெண்டு மாசத்த ஓட்டிட்டாங்க, அந்த ரெண்டு மாசத்த நெனச்சா இப்பவும் வயிறு எரியுது. முழுங்க கஷ்டமா இருக்கு, எடையும் இறங்குதுன்னா தயவுசெஞ்சு முதல்லயே எண்டோஸ்கோபி கேளுங்க, வாய் வழியா கேமரா குழாய விட்டுப் பாக்குறது, பத்து நிமிஷ வேலை. அப்பாவுக்கு எடுத்தப்ப பல்லுல இருந்து 28 சென்டிமீட்டர்ல கட்டின்னு ரிப்போர்ட்ல போட்டிருந்துச்சு. கட்டில துளி சதை எடுத்துப் பாத்த பயாப்ஸில ஸ்குவாமஸ்னு வந்துச்சு, குழாயோட உள்தோல் செல்லுல வர்ற கேன்சர் வகை அது. 68 கிலோ இருந்தவரு அன்னைக்கு 61.

அதுக்கப்புறம்தான் இந்த காத்திருப்பு. நோய் வேற எங்கயும் பரவியிருக்கான்னு பாக்குற பெட் ஸ்கேனுக்கு தேதி, பல்லு டாக்டர், இதயத்தப் பாக்குற எக்கோ, எல்லா டாக்டரும் சேந்து உக்காந்து கேஸை பேசுறது, ரேடியேஷன் பிளான் பண்ண ஒரு சிடி எடுத்து நெஞ்சுல குறி வைக்கிறது, இன்சூரன்ஸ் அப்ரூவல்னு கூட்டிப் பாத்தா 24 நாள். நோய் உள்ள இருக்கு, நாம சும்மா உக்காந்திருக்கோம்னு ஒவ்வொரு நாளும் மனசு அடிச்சுக்கும். மதுரைல எங்க டாக்டரம்மாகிட்ட இதச் சொல்லி அழுதே போட்டேன். அவங்க சொன்னது, சரியா பிளான் போட இந்த நாள் வேணும்மா, இதுல உங்க வேலை ஒண்ணே ஒண்ணுதான், அப்பாவோட எடை இதுக்கு மேல இறங்காம பாத்துக்கோங்க, எடையும் தெம்பும் இருந்தாத்தான் கீமோ ரேடியேஷன் ரெண்டையும் உடம்பு தாங்கும்னாங்க. டயட்டீஷியன் கணக்கு போட்டுக் குடுத்தாங்க, ஒரு நாளைக்கு 1800 கலோரி, புரோட்டீன் 75 கிராமுக்கு குறையக் கூடாது. ஒரு முட்டைல 6 கிராம், ஒரு டம்ளர் பால்ல அதே அளவு, இப்ப நீங்களே கூட்டிப் பாருங்க, முழுங்கவே முடியாத மனுசனுக்கு 75 எப்படி வரும்னு.

எங்க பழைய மிக்ஸி 500 வாட்ஸ், அம்மா பல வருசமா வச்சிருக்கிறது. அதுல பருப்புச் சாதத்த அரைச்சுக் குடுத்த ரெண்டாவது நாள் ராத்திரி ஒரு கறிவேப்பிலைத் துணுக்கு, நகத்தளவு கூட இருக்காது, அது போயி அடைச்சிக்கிச்சு. அரை மணி நேரம் வாஷ்பேசினப் பிடிச்சிக்கிட்டு நின்னாரு, எச்சி கூட உள்ள எறங்கல, நூல் மாதிரி வாயில இருந்து தொங்குது, முதுகத் தடவிக்கிட்டே நான் நிக்கிறேன், அம்மா அடுப்படி வாசல்ல முந்தானைய வாயில வச்சுக்கிட்டு நிக்குது. தானா வெளிய வந்துச்சு. வந்ததும் அப்பா சொன்னது, "போதும் தாயி, பசிக்கல." அவருக்கு பசிச்சது எனக்குத் தெரியும். அன்னைக்கு ராத்திரியே ஆர்டர் போட்டேன்.

வந்த மிக்ஸில நடு ஜாரோட மூடி விரிசல். போன் போட்டு, போட்டோ அனுப்பி, மாத்தி வர ஆறு நாள் ஆச்சு, எங்களுக்கு ஒவ்வொரு நாளும் கணக்குன்னு அவங்களுக்கு எப்படிப் புரிய வைக்கிறது. அவசரத்துக்கு வாங்குறவங்க நேர்ல கடைக்குப் போயி பிரிச்சு ஓட்டிப் பாத்தே வாங்கிக்கோங்க. அந்த ஆறு நாளும் சின்ன ஜார்தான் கை குடுத்துச்சு. இப்பவும் 90 சதவீத வேலை சின்ன ஜார்லதான் நடக்குது, ஏன்னா அப்பா ஒரு தடவைக்கு ஒரு டம்ளருக்கு மேல சாப்பிட மாட்டாரு, ஒரு நாளைக்கு எட்டு தடவை பிரிச்சுக் குடுக்கிறோம். அந்தக் கொஞ்சத்த பெரிய ஜார்ல போட்டா பிளேடுக்கு மேல ஓரத்துல அப்பிக்கும், அரைபடவே அரைபடாது. வாங்குறப்ப சின்ன ஜார் எவ்ளோ நல்லா இருக்குன்னு பாருங்க, மத்த ரெண்ட அப்புறம் பாருங்க.

சாதம்: குழைய வேக வச்சு, ரசமோ பாலோ ஊத்தி, விப்பர்ல வச்சு விட்டு விட்டு நாலஞ்சு தடவை அடிச்சா போதும். தொடர்ந்து ஓட விட்டீங்கன்னா பசை மாதிரி ஆயிடும், வால்போஸ்டர் ஒட்டலாம், அது தொண்டைக்குக் கீழ எறங்கவே எறங்காது, முதல் நாள் நான் பண்ணின தப்பு அது. சிக்கன்: எலும்பில்லாதத குக்கர்ல ஏழெட்டு விசில் விட்டு அந்தத் தண்ணியோடவே அரைக்கணும். இந்த மிக்ஸி நல்லாவே அரைக்குது ஆனா நார் கொஞ்சம் தங்கத்தான் செய்யுது, 1000 வாட்ஸ் போனாலும் தங்கும்னு கடைக்காரர் சொன்னாரு, அதனால வடிகட்டி கட்டாயம். டீ வடிகட்டி ரொம்பப் பொடிசு, சத்தெல்லாம் மேலயே நின்னுரும், மாவு சலிக்கிற எவர்சில்வர் சல்லடைல கரண்டியால தேய்ச்சு எறக்குங்க. முருங்கைக்கீரை, தக்காளித் தோல், கத்திரிக்கா விதை, கடுகு இதுங்கள சல்லடைய நம்பிக்கூட போடாதீங்க, தாளிப்ப எண்ணெயா மட்டும் வடிச்சு ஊத்துங்க, வாசம் வந்துரும். மீன் நாங்க தொடல, முள்ளு பயம்.

முட்டைய வேக வச்சு பால் விட்டு அரைச்சா கிரீம் மாதிரி வருது, அதுல கொஞ்சம் உப்பு மிளகுத்தூள் நெய். பச்சை முட்டை வேணாம்னு டயட்டீஷியன் கண்டிப்பா சொல்லிட்டாங்க. பால்லயே ரெண்டு ஸ்பூன் பால் பவுடர் கலந்து வச்சிடுறோம், கேழ்வரகுக் கூழ், ஹார்லிக்ஸ், எல்லாத்துக்கும் அந்தப் பால்தான். டப்பா புரோட்டீன் பவுடரும் ஒண்ணு வாங்கினோம், வெலை கையக் கடிக்குது, ராத்திரி ஒரு டம்ளர் மட்டும் அது.

ஒண்ணு சொல்லியே ஆகணும், சூடா இருக்கிறத அப்படியே ஜார்ல போட்டு மூடாதீங்க. ஆவி அழுத்தி மூடிய தூக்கி எறிஞ்சிடும், அம்மா கையில ரசம் தெறிச்சு கொப்புளமே போட்டுருச்சு. வெதுவெதுன்னு ஆன பிறகு, பாதி ஜார் மட்டும், மூடிய துணி வச்சு அமுக்கிப் பிடிச்சு. எப்படியும் அப்பாவுக்கு சூடா குடுக்கக் கூடாது. முப்பது வருசம் ஸ்டாண்டுல நாலு நிமிஷம் நிறுத்துற நேரத்துல கொதிக்கக் கொதிக்க டீ குடிச்ச மனுசன், 65 டிகிரிக்கு மேல சூடா குடிக்கிறது இந்த கேன்சருக்கு ஒரு காரணமா இருக்கலாம்னு உலக சுகாதார அமைப்போட கேன்சர் ஆராய்ச்சிப் பிரிவு 2016லயே சொல்லியிருக்கு. கூடவே பீடி. அம்மா ஒரு நாள் இத எடுத்து அப்பாகிட்ட சண்டைக்குப் போச்சு, நான் தனியா கூட்டிட்டுப் போயி சொன்னேன், இப்ப இது பேச வேணாம்மா, பீடிய விட்டாச்சு, அது போதும்.

குறைன்னு பாத்தா சத்தம். காலைல ஆறு மணிக்கு போட்டா தெருவே எந்திரிக்கும், அப்பா ராத்திரி தூங்காம விடியகாலைலதான் கண் அசருவாரு, அதனால ராத்திரியே அரைச்சு பிரிட்ஜ்ல வச்சுக்கிறோம், ஒரு நாளுக்கு மேல வைக்கிறது இல்ல. தொடர்ந்து ஓட்டினா சூடாகி தானா நின்னுரும், அடியில சிவப்பு பட்டன் இருக்கு, அஞ்சு நிமிஷம் ஆற விட்டு அத அமுக்கினா திரும்ப ஓடும், ரிப்பேர்னு பதறாதீங்க. மூடில இருக்கிற ரப்பர் வாசர அப்பப்ப கழட்டிக் கழுவலைன்னா அடியில பழசு தங்கி நாறுது, இவங்க உடம்புக்கு அது ஆகாது. ஸ்பேர் வாசர் ரெண்டு 60 ரூபாய்க்கு எடுத்து வச்சிட்டேன்.

ருசி பத்தி எழுதாம விட்டா இந்த ரிவ்யூ முழுசாகாது. முதல் வாரம் சாதம் குழம்பு காய் எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு அடிச்சு ஒரு டம்ளர்ல குடுத்தேன், சத்து போனா சரின்னு. அப்பா ஒண்ணும் சொல்லாம குடிச்சாரு, ஆனா குடிக்கிறப்ப செவுத்தப் பாத்துக்கிட்டே குடிச்சாரு. அம்மாதான் பாத்துட்டு எல்லாத்தையும் தனித்தனியா அரைச்சு, மூணு கிண்ணத்துல ஊத்தி, அவரோட பழைய எவர்சில்வர் தட்டுல வச்சு எங்க கூட கூடத்துல உக்கார வச்சுச்சு. பருப்பு ஒரு கிண்ணம், எலும்பு சூப்புல அரைச்ச சாதம் ஒண்ணு, தயிர்ல அடிச்ச வாழைப்பழம் ஒண்ணு. சூப்ப ஸ்பூன்ல எடுத்து வாயில வச்சிட்டு "சோம்பு போட்டியா"ன்னு கேட்டாரு. பல நாளைக்கு அப்புறம் சாப்பாட்டப் பத்தி அவரா கேட்ட கேள்வி அது. அன்னைல இருந்து மூணு கிண்ணம்தான்.

சாப்பிட்டு முக்கா மணி நேரம் நிமுந்து உக்காரணும், படுக்கிறதுக்கு ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடியே கடைசி டம்ளர முடிச்சிரணும், தலைமாட்ட ஒசத்தி வைக்கணும். தண்ணியே எறங்கல, எச்சிலே முழுங்க முடியல, ரத்தமா வாந்தி, வெளிய கறுப்பாப் போகுதுன்னா அரைச்சுக் குடுத்துப் பாக்கலாம்னு உக்காந்திருக்காதீங்க, ராத்திரியா இருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. மிக்ஸியால ஆகாத கட்டம் வந்தா மூக்கு வழியாவோ வயித்து வழியாவோ டியூப் வைப்பாங்க, அத தோல்வியா நெனைக்க வேணாம், அதுவும் சோறுதான்னு டாக்டரம்மா முன்னாடியே சொல்லி வச்சிருக்காங்க.

ராத்திரி போன்ல தேடித் தேடிப் படிச்சு நெஞ்சு படபடக்கிறவங்களுக்கு, எனக்கு தூக்கம் குடுத்த ஒண்ண சொல்றேன். அப்பாவுக்குப் போட்டிருக்கிற பிளான், அஞ்சு வாரம் கீமோவும் 23 தடவை ரேடியேஷனும் குடுத்துட்டு அப்புறம் ஆபரேஷன், இது நெதர்லாந்துல 366 பேர வச்சுப் பாத்து 2012ல வெளிவந்த ஆராய்ச்சில இருந்து வந்தது. அதுல கீமோ ரேடியேஷன் முடிச்சு ஆபரேஷனுக்குப் போன ஸ்குவாமஸ் டைப் ஆளுங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு, வெட்டி எடுத்த குழாய்ல கேன்சர் செல்லே மிச்சம் இல்ல. ஆளுக்கு ஆள் மாறும், தெரியும். இருந்தாலும் பாதி.

நேத்து எடை 61.2. மூணு வாரத்துல ஒரு கிராம் கூட இறங்கல, 200 கிராம் ஏறியே இருக்கு. அஞ்சு ஸ்டாருக்கு நாலு குடுக்கிறேன், அந்த ஒண்ணு விரிசல் மூடிக்கும் சத்தத்துக்கும்.

திங்கக்கிழமை முதல் ரேடியேஷன், அஞ்சு வாரமும் மதுரைல ஆஸ்பத்திரிப் பக்கத்துல ரூம் எடுத்துத் தங்கப் போறோம். மிக்ஸிய பழைய பெட்ஷீட்ல சுத்தி, சின்ன ஜாரும் சல்லடையும் ஸ்பேர் வாசரும் தனிப் பையில போட்டாச்சு. ரூம்காரர்கிட்ட போன் பண்ணி கேட்டேன், காலைல ஏழு மணிக்கு மேல போட்டுக்கோங்கம்மா, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, இங்க தங்குறவங்க எல்லாருமே மிக்ஸியோடதான் வர்றாங்கன்னாரு.