எழுபதுகளின் பாணியில் ஓர் அறை: சில ஆண்டுப் புழக்கத்திற்குப் பின்

1960, 70களின் வீட்டு அலங்காரத்தின் மீது இப்போது எழுந்திருக்கும் ஏக்கம் பெரும்பாலும் படங்களைப் பார்த்துப் பிறப்பது. படத்தில் இருக்கும் அறையில் தூசி படிவதில்லை. யாரும் எதையும் சிந்துவதுமில்லை. அந்தப் பாணியில் அமைத்த அறை ஒன்றைச் சில ஆண்டுகளாக அன்றாடம் புழங்கிவருகிறேன். கண்ணைக் கவர்ந்த பொருட்களும் கடைசிவரை உழைக்கும் பொருட்களும் வேறு வேறு என்பதே இந்தப் புழக்கத்தில் எனக்குப் புலப்பட்டது.

முதலில் நீள இழைக் கம்பளம். வெறுங்காலை வைத்தால் கணுக்கால்வரை புதையும் அந்த மென்மைக்கு இன்றைய தட்டையான விரிப்புகள் எதுவும் ஈடாகாது. அறையின் எதிரொலியையும் அது நன்றாகவே விழுங்கிவிடுகிறது. ஆனால் நடைபாதையாகும் இடங்களில் இழைகள் சில மாதங்களிலேயே படுத்துவிட்டன. வாக்குவம் கிளீனரின் சுழலும் தூரிகையில் இழைகள் சிக்கிக்கொள்வதால், தூரிகையை நிறுத்திவிட்டு உறிஞ்சுதலை மட்டும் பயன்படுத்த வேண்டியிருக்கிறது. அப்போதோ அடியில் தங்கும் மணல் முழுமையாக வெளியேறுவதில்லை. இத்தகைய கம்பளங்களை வாரிவிடுவதற்கென்றே அக்காலத்தில் தனி வாரிகள் விற்கப்பட்டன என்ற செய்தியே பராமரிப்பின் அளவைச் சொல்லிவிடும்.

லாவா விளக்கைப் பற்றி எனக்கு மென்மையான தீர்ப்பே உண்டு. பிரிட்டனைச் சேர்ந்த எட்வர்ட் கிரேவன் வாக்கர் 1963இல் சந்தைக்குக் கொண்டுவந்த இவ்விளக்கில், அடியில் இருக்கும் பல்பின் வெப்பத்தால் மெழுகுக் கலவை விரிந்து, சுற்றியுள்ள திரவத்தைவிட அடர்த்தி குறைந்து மேலெழுகிறது. மேலே குளிர்ந்ததும் மறுபடி இறங்குகிறது. ஆகவே பல்பு தரும் வெப்பமே இதன் உயிர். வெப்பம் குறைவான எல்இடி பல்பை மாட்டினால் மெழுகு அசையாமல் கிடக்கும். பழைய குண்டு பல்புகள் அரிதாகிவரும் காலத்தில் வாங்குவோர் முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான். மெழுகு சீராக ஓடத் தொடங்க ஒரு மணி நேரத்திற்கு மேல் ஆகும். சூடாக இருக்கும்போது அசைத்தால் திரவம் கலங்கிவிடும். நேர் வெயில் பட்டால் நிறம் மங்கும். படிப்பதற்கு வெளிச்சமும் போதாது. இத்தனை குறைகளையும் மீறி அதை அகற்ற எனக்கு மனம் வரவில்லை.

பீன் பேக் இருக்கையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. உள்ளிருக்கும் பாலிஸ்டைரீன் எனும் இலகுவான நுரைப் பிளாஸ்டிக் மணிகள் எடையால் நசுங்கிக்கொண்டே இருப்பதால், அவ்வப்போது புதிய மணிகளை நிரப்பாவிட்டால் தரையில் உட்காருவதும் அதில் உட்காருவதும் ஒன்றாகிவிடும்.

உண்மையில் என்னை வியக்கவைத்தவை லினோலியம் தரையும் பிரம்பு பின்னிய வளைமர (நீராவியில் வளைத்த மரத்தாலான) நாற்காலிகளும்தான். லினோலியத்தை எழுபதுகளின் சமையலறையோடு சேர்த்தே பலரும் நினைவுகூர்கிறார்கள். ஆனால் ஆங்கிலேயக் கண்டுபிடிப்பாளர் ஃபிரடெரிக் வால்டன் அதை உருவாக்கியது 1860களில். ஆளிவிதை எண்ணெய், மரப்பிசின், தக்கைத் தூள், மரத்தூள் ஆகியவற்றைச் சணல் துணியின் மீது படியவைத்துச் செய்யும் இத்தரையில் நிறம் மேற்பூச்சாக இல்லாமல் முழுத் தடிமனிலும் கலந்திருப்பதால், சிறு கீறல்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. நீள இழைக் கம்பளத்தை ஒருமுறை சுருட்டியெடுத்தபோது அதன் அடியிலிருந்த பகுதி மஞ்சளித்துக் கிடந்தது. வெளிச்சம் படாத லினோலியத்திற்கு இது இயல்பு. திறந்து விட்டபின் தானாகவே தெளிந்துவிட்டது. காரம் மிகுந்த சோப்பும் தேங்கும் நீரும் மட்டும் அதற்கு ஆகாது.

வளைமர நாற்காலியின் வரலாறு இன்னும் பழையது. மரச்சாமான் வடிவமைப்பாளர் மைக்கேல் தோனெட்டின் 14ஆம் எண் நாற்காலி 1859இல் வெளிவந்தது. பிரித்து அடுக்கினால் 36 நாற்காலிகள் ஒரு கன மீட்டர் பெட்டியில் அடங்கிவிடும். பிரம்பு இருக்கை தொய்ந்துவிட்டால் அடிப்பக்கத்தை ஈரத்துணியால் நனைத்து, யாரும் உட்காராமல் நன்கு உலரவிட்டால் பெருமளவு இறுகிவிடுகிறது. திருகுகளை ஆண்டுக்கொருமுறை முடுக்குவதைத் தவிர வேறு செலவில்லை. ஆக, எழுபதுகளின் அறை என்று நான் போற்றியதில் நன்றாக உழைத்த இரண்டும் அப்போதே நூறாண்டைக் கடந்திருந்தவை.

பழைய வீட்டின் அசல் தரையை மீட்க நினைப்போருக்கு ஓர் எச்சரிக்கை அவசியம். அக்காலத்து வினைல் (ஒருவகை பிளாஸ்டிக்) தரை ஓடுகளிலும் அவற்றை ஒட்டிய பசையிலும், சொரசொரப்பான கூரைப் பூச்சுகளிலும் பல இடங்களில் ஆஸ்பெஸ்டாஸ் (இழைகள் மூச்சில் கலந்தால் நுரையீரலைக் கெடுக்கும் கனிமம்) சேர்க்கப்பட்டது. அவற்றைச் சுரண்டவோ உடைக்கவோ கூடாது. மாதிரியைப் பரிசோதித்த பிறகே, தேவைப்பட்டால் பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு அகற்ற வேண்டும். பார்வைக்கு லினோலியமும் வினைலும் ஒன்றுபோலவே தோன்றக்கூடும் என்பதால், பழைய தரை எதுவாக இருந்தாலும் பரிசோதனைக்கு முன் அதில் கைவைக்காதீர்கள்.